வெள்ளைச் சுறா உலவும் குளிர்கடலில் அலைச்சறுக்கு: மின்புல விரட்டியா, கடி தாங்கும் வெட்சூட்டா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கரையில், எஸ்பெரன்ஸ் ஊரைச் சுற்றியுள்ள கடலில் அலைச்சறுக்கும் எவரும் வெள்ளைச் சுறாவைக் கணக்கில் கொள்ளாமல் தண்ணீரில் இறங்க முடியாது. வைலி விரிகுடாவிலுள்ள கெல்ப் பெட்ஸ் என்ற ஒரே இடத்தில் 2014, 2017, 2020 ஆகிய ஆண்டுகளில் அலைச்சறுக்கர்கள் தாக்கப்பட்டார்கள். பின்னிரண்டு தாக்குதல்களும் உயிரிழப்பில் முடிந்தன. 2025 மார்ச்சில் கிழக்கே வார்ட்டன் கடற்கரையில் இன்னொருவர் இறந்தார். இலையுதிர்காலத்தில் சால்மன் கூட்டங்களும், குளிர்காலம் முதல் வசந்தம் வரை திமிங்கலங்களும் கரையோரமாகக் கடந்துபோகும் இக்கடலில் சுறா வருவது இயல்பானதே; அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக இருப்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆகவே அதைக் கொல்லாமல் அதனோடு ஒரே தண்ணீரில் இருப்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முன் நின்ற கேள்வி.

அரசின் ஏற்பாடுகள் பயனுள்ளவைதான். ஆனால் குறியீட்டுக் கருவி பொருத்தப்பட்ட சுறா கடலிலுள்ள உணர்கருவியருகே வந்தாலோ, யாராவது சுறாவைக் கண்டு தகவல் தந்தாலோதான் அரசின் ஷார்க்ஸ்மார்ட் செயலி எச்சரிக்கும். கருவி பொருத்தப்படாமலும் யார் கண்ணிலும் படாமலும் வரும் சுறாவை அதனால் அறிய இயலாது. 2019 முதல் 2021 வரை மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள கிரேஸ்டவுன் பகுதியில், சுறாவைத் தூண்டிலில் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விடும் மிதவைச் சோதனையில் இரண்டே இரண்டு வெள்ளைச் சுறாக்கள்தாம் சிக்கின. எனவே நம் பலகையிலும் உடலிலும் எதைக் கொண்டுசெல்கிறோம் என்பது தனியே யோசிக்க வேண்டிய விஷயமாகிறது.

காந்தப் பட்டைகளையும் பலகையில் பூசும் மிளகாய் மெழுகையும் விரைவாகவே ஒதுக்கிவிடலாம். ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளருகே ஐந்து விரட்டிகளை ஒப்பிட்டு 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலகையின் அடியில் இரையைத் தொங்கவிட்டு, 44 வெள்ளைச் சுறாக்களிடம் 297 முறை நடத்திய சோதனை அது. காந்தக் கைப்பட்டை, காந்தம் பதித்த பலகைக் கயிறு (காலையும் பலகையையும் இணைப்பது), மெழுகு ஆகியவற்றால் சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை. விலை குறைவு என்பதற்காக இவற்றை வாங்குவது, பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு பாதுகாப்பில்லாமல் இறங்குவதற்குச் சமம்.

அதே சோதனையில் ஃப்ரீடம் பிளஸ் சர்ஃப் என்ற மின்புல விரட்டி தனித்து நின்றது. விரட்டி இல்லாதபோது 96 சதவீத முயற்சிகளில் இரையைச் சுறாக்கள் பறித்துச் சென்றன. விரட்டி இயங்கியபோது அது 40 சதவீதமாகக் குறைந்தது. பலகைக்கும் சுறாவுக்கும் இடையிலான சராசரித் தூரம் 1.6 மீட்டரிலிருந்து 2.6 மீட்டராகக் கூடியது. சுறாவின் மூக்குப் பகுதியில் கூழ் நிரம்பிய நுண்துளைகள் உள்ளன. இரையின் உடலிலிருந்து எழும் மிக மெல்லிய மின்சாரத்தையும் அவை உணரும். விரட்டி விட்டுவிட்டு அனுப்பும் வலிமையான மின்துடிப்பு அந்தப் புலனைத் தாங்க முடியாத அளவுக்குத் தூண்டுவதால் சுறா விலகிப்போகிறது. பலகையின் அடியில் ஸ்டிக்கர்போல ஒட்டப்படும் ஆன்டெனாவும், பின்முனையில் காலூன்றும் பட்டைக்குள் செருகப்படும் மின்பெட்டியுமே இதன் பாகங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே உருவான ஆர்பெலா என்ற விரட்டியும் இதே வழியில் இயங்குவதே. 2018 ஆய்வில் அதன் தொடக்க வடிவம் சோபிக்கவில்லை. பிறகு மாற்றியமைக்கப்பட்ட வடிவம் எஸ்பெரன்ஸுக்குக் கிழக்கே சாலிஸ்பரி தீவருகே நடந்த சோதனையில் கடிக்கும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது.

நான் தேர்ந்தெடுத்தது ஃப்ரீடம் பிளஸ் வகையைத்தான், என் சாய்வும் அதன் பக்கமே. 40 சதவீதம் என்பது சிறிய எண் அல்ல என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே சுறாக்கள் இரை காட்டி அழைக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதே தொழில்நுட்பத்தின் முந்தைய வடிவமொன்றைத் தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் சோதித்தபோது, சுறாக்கள் திரும்பத் திரும்ப வரும்போது சற்றே நெருங்கி வரத் துணிந்தன என்பதும் பதிவாகியிருக்கிறது. என் அனுபவத்தைக் கேட்டால், ஒரு சுறா என்னை நோக்கி வந்து இக்கருவியால் விலகியதை நான் கண்டதில்லை. காணாமலே காலம் கழிய வேண்டும் என்பதே என் விருப்பமும்.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது பராமரிப்பு. சார்ஜ் இல்லாத விரட்டி வெறும் சுமை மட்டுமே. முழு சார்ஜில் அது சுமார் ஆறு மணி நேரம் இயங்கும் என்பதால் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளமாகப் போதும். சிக்கல், அடுத்த நாளும் அலை நன்றாக இருந்து, இரவில் யாரும் சார்ஜரைத் தொடாதபோதுதான் தொடங்குகிறது. அதனால் வீடு திரும்பியதும், வெட்சூட்டை (குளிர்நீரில் அணியும் ரப்பர் உடையை) அலசுவதற்கு முன்பே, மின்பெட்டியைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்பு முனைகளைத் துணியால் ஒற்றி, முழுவதும் உலர்ந்த பிறகு சார்ஜில் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உப்பு படிந்த முனையை ஈரத்தோடு சார்ஜ் செய்தால் அரிப்பு தொடங்கும். அரித்த முனை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆன்டெனாவின் ஓரங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பாறையில் உரசியோ, கார் கூரையில் கட்டும் வாரின் அழுத்தத்தாலோ ஓரம் எழும்பினால், உள்ளே தண்ணீர் புகுந்து ஒட்டு மெல்ல மெல்ல விட்டுப்போகும். கடலில் இறங்கும் முன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது கடைசி வேலை.

இதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. மின்பெட்டியை ஒரு பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம், ஆன்டெனாவை மாற்ற முடியாது. மூன்று பலகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர் மூன்றுக்கும் தனித்தனியே ஆன்டெனாவும் பட்டையும் வாங்க வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பு இல்லாத பலகையை எடுத்துக்கொண்டு இறங்கும் நாள் நிச்சயம் வரும். நான் ஒரே பலகையோடு காலம் தள்ளுபவன் என்பதால் இது எனக்குச் சுமையாகவில்லை.

கடி தாங்கும் வெட்சூட்டின் பெரிய பலம், அதற்கு இந்தக் கவலை எதுவுமே இல்லை என்பது. குளிர்கடலில் வெட்சூட் இல்லாமல் எப்படியும் இறங்க முடியாது; அந்த வெட்சூட்டிலேயே மிகுவலிமை வாய்ந்த பாலிஎத்திலீன் இழைகளை நெய்து சேர்த்துவிட்டால், எந்தப் பலகையில் ஏறினாலும் பாதுகாப்பு உடலோடு வரும். ஃபிளிண்டர்ஸ் ஆய்வாளர்கள் இத்தகைய நான்கு துணி வகைகளை வெள்ளைச் சுறாவும் புலிச் சுறாவும் கடிக்குமாறு வைத்துச் சோதித்து 2025-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நான்குமே வழக்கமான வெட்சூட் ரப்பரான நியோப்ரீனைவிட ஆழமான கிழிசல்களைக் கணிசமாகக் குறைத்தன. சுறாக் கடியில் உயிர் போவது பெரும்பாலும் இரத்த இழப்பால் என்பதால் இது அற்பமான பலன் அல்ல. ஆயினும் துணிக்குள்ளிருக்கும் எலும்பும் தசையும் நசுங்குவதை அது தடுக்காது. கையும் பாதமும் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வேலை கடித்த பிறகுதான் தொடங்குகிறது. பெர்த்தின் பெரிய மருத்துவமனைகளிலிருந்து சாலை வழியாக 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தக் கரையில், கடி நிகழாமல் தடுக்க முயல்வதற்கே நான் முதலிடம் தருவேன். நண்பரிடம் இரவல் வாங்கிச் சில முறை அணிந்ததில், தோளசைவு நான் அஞ்சிய அளவுக்கு இறுக்கமாக இல்லை. ஆனால் இரண்டு மூன்று குளிர்காலங்களைக் கடந்தபின் அந்தத் துணி எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

ஆகவே, மேலே சொன்ன பராமரிப்பைச் சலிப்பில்லாமல் செய்ய முடியும் என்று தன்னைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவர் மின்புல விரட்டியை வாங்கலாம். பல பலகைகள் வைத்திருப்பவரும், கருவிகளை நனைந்தபடியே காரில் போட்டுவிட்டு மறந்துவிடுபவரும் வெட்சூட்டுக்கே போவது நல்லது; அவர்களிடம் விரட்டி இருந்தும் இல்லாததாகவே ஆகிவிடும். வசதியுள்ளவர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம், ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2017-இல் இத்தகைய மின்புல விரட்டிகளுக்கு 200 டாலர் தள்ளுபடித் திட்டத்தைத் தொடங்கியது. வாங்கும் முன் தற்போதைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் உடன் வருபவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். காலில் கடிபட்டவரைக் கரைசேர்த்ததும் மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையும் வயிறும் சேரும் மடிப்பின் நடுவில் மடக்கிய கைமுஷ்டியை வைத்து, முழு உடல் எடையையும் செலுத்தி அழுத்த வேண்டும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றில் இந்த அழுத்தம் காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தை ஏறத்தாழ 90 சதவீதம் நிறுத்தியது. பலகைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியபோது பாதி அளவுகூட நிற்கவில்லை.