பேக்-12 உடைந்த ஆகஸ்ட்: யாருக்கு எந்த வழி சரி?

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மேற்குக் கரையின் பேக்-12 கூட்டமைப்பில் எஞ்சியிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் அன்று காலை தங்கள் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்துக் கையெழுத்திடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இரவுக்குள் ஐந்து பல்கலைக்கழகங்கள் வேறு கூட்டமைப்புகளுக்குப் போய்விட்டன. 1915-இல் போர்ட்லண்டில் தொடங்கிய பசிபிக் கரை மரபு ஒரே நாளில் சிதறியது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பணம் கொழிப்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய கால்பந்தில்தான். பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்கு மொத்தமாக விற்கின்றன. வரும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் எந்தக் கூட்டமைப்பில் இருப்பது என்பதே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரவு செலவைத் தீர்மானித்துவிடுகிறது. பேக்-12 முறிந்ததைப் பேராசை என்ற ஒரே சொல்லில் பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் முன்னும் இருந்த வழிகள் வேறு வேறு. ஆண்டுத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எதுவும் விளங்காது. அந்தத் தொகையில் எவ்வளவு உறுதி, ஆட்டம் யார் கண்ணில் படும், மாணவர்கள் எவ்வளவு தூரம் பறக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் ஆப்பிளின் இணையச் சந்தா ஒளிபரப்பு. பேக்-12 ஆணையர் ஜார்ஜ் கிளியாவ்கோஃப் அந்த வார தொடக்கத்தில் முன்வைத்த திட்டத்தில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி டாலர் அடிப்படைத் தொகை என்று செய்திகள் வெளியாகின. சந்தாதாரர்கள் கூடக் கூடத் தொகையும் ஏறும். சிலரைப்போல நான் இதைக் கேலிக்குரிய திட்டம் என்று ஒதுக்க மாட்டேன். எல்லா ஆட்டமும் ஒரே இடத்தில் கிடைக்கும். எந்த ஊர் ரசிகரும் எந்த அலைவரிசை என்று தேட வேண்டியதில்லை. ஆப்பிள் ஏற்கெனவே அமெரிக்க சாக்கர் (நாம் கால்பந்து என்பது) லீக்குடன் பத்து ஆண்டுக்கு 250 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. மெஸ்ஸி மயாமியில் களமிறங்கிச் சந்தாக்கள் குவிந்துகொண்டிருந்ததும் அதே 2023 ஜூலையில்தான்.

ஆனால் ஓரிகன் ஸ்டேட்டிலோ யூட்டாவிலோ ஒரு மெஸ்ஸி இல்லை. சந்தா சேர்க்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களின் தலையில் விழுந்திருக்கும். அரிசோனா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ராபர்ட் ராபின்ஸ், இது சிறுவர் பேஸ்பால் அணிக்காகச் சாக்லெட் விற்பதுபோல என்று பின்னர் சொன்னார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2012-இல் பேக்-12 தானே முழு உரிமையாளராக ஒரு தொலைக்காட்சி வலையமைப்பைத் தொடங்கியது. டைரக்ட்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் சேவையில் அது கடைசிவரை இடம்பெறவே இல்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆட்டம் போய்ச் சேரவில்லை. எதிர்பார்த்த வருமானமும் வரவில்லை. சூடு கண்ட பூனைகள் அந்தத் தலைவர்கள். கண்ணுக்குத் தெரியாத சந்தாதாரர்களை நம்பி இன்னொரு முறை இறங்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இதற்கு எதிரில் பிக் 12 என்ற போட்டிக் கூட்டமைப்பு வைத்திருந்தது ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 3.17 கோடி டாலர். 2025 முதல் ஆறு ஆண்டுக்கு இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து தரும் 228 கோடி டாலரின் பங்கு அது. சந்தா எண்ணிக்கையோடு அதற்குத் தொடர்பே இல்லை. பெரிய கூட்டமைப்பிலிருந்து புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கும் அதே அளவு பங்கை நிறுவனங்கள் கூடுதலாகத் தரும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆள் கூடினாலும் பழையவர் பங்கு குறையாது. ஆகவே கதவைத் திறக்க யாருக்கும் தயக்கமில்லை. என்னைக் கேட்டால், தொகையைவிட இந்த ஏற்பாடுதான் பேக்-12-ஐ வீழ்த்தியது.

இதில் வயிற்றெரிச்சல் தருவது ஒன்று உண்டு. 2021-இல் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் வெளியேறப்போவதாக அறிவித்தபோது பிக் 12-தான் சாகக் கிடந்தது. மிஞ்சிய எட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றைக்கூட பேக்-12 சேர்த்துக்கொள்ளவில்லை. விரிவாக்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2022 ஜூன் 30 அன்று பேக்-12-இன் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்த பிறகு, இஎஸ்பிஎன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 3 கோடி டாலர் தர முன்வந்ததாகவும், பேக்-12 தரப்பு 5 கோடி கேட்டதாகவும் செய்திகள் கூறின. அந்த இடைவெளியில் பிக் 12 ஆணையர் பிரெட் யோர்மார்க் முந்திக்கொண்டு அக்டோபரில் பேரத்தை முடித்தார். தொலைக்காட்சியில் சனிக்கிழமை நேரம் அளவுக்குட்பட்டது. அதை நிரப்பியவர்களுக்கு அடுத்தவர் தேவையில்லை. 2023 ஜூலை 27 அன்று கொலராடோ தன் பழைய வீடான பிக் 12-க்கே திரும்பியபோது, மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-ஐத் தேர்ந்தது சரி என்றே நினைக்கிறேன். 2024-இல் பருவத்துக்கு முந்தைய கணிப்பில் பதினாறு அணிகளில் கடைசி இடம் தரப்பட்ட அரிசோனா ஸ்டேட், முதல் ஆண்டிலேயே பிக் 12 பட்டத்தை வென்று தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. அங்கே டெக்ஸஸிடம் இரண்டு கூடுதல் நேரம் வரை போராடித்தான் தோற்றது.

பிக் டென்னுக்குப் போக ஓரிகனும் வாஷிங்டனும் எடுத்த முடிவு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் சேர்த்து ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்ட பணக்காரக் கூட்டமைப்பு பிக் டென். ஆனால் இவ்விருவருக்கும் கிடைத்தது ஏறக்குறைய பாதிப் பங்குதான்: ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலரில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சம் கூடும். தொடக்கத்தில் இது பிக் 12 தந்த சராசரியைவிடவும் குறைவு. தெரிந்தேதான் அதை ஏற்றார்கள். இந்தத் தசாப்தத்தின் முடிவில் அடுத்த ஒப்பந்தம் வரும்போது முழுப் பங்காளிகளாக மேசையில் உட்கார்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம் என்றாகிவிட்டது. ஆகவே பாதிப் பங்கோடு முழுப் பங்குக்காரரை எதிர்கொள்வது இன்று 2023-இல் தோன்றியதைவிடக் கடினம். நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் கொடையைத் துணையாகக் கொண்ட ஓரிகன் இதைத் தாங்கியது. 2024-இல் தோல்வியே காணாமல் பிக் டென் பட்டம் வென்றது. முந்தைய பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்ற வாஷிங்டனோ அதே ஆண்டு ஆறு வெற்றி, ஏழு தோல்வியோடு முடித்தது. பயிற்சியாளர் மாறியதும் அனுபவ வீரர்கள் விடைபெற்றதும் அதற்குக் காரணங்கள்தான் என்றாலும், இருவருக்கும் ஒரே முடிவு ஒரே பலனைத் தரவில்லை.

தூரத்தின் விலையை ஒரே ஓர் ஆட்டத்தில் காட்டலாம். 2024 அக்டோபர் 5 அன்று யுசிஎல்ஏ பென்சில்வேனியாவுக்குப் பறந்து பென் ஸ்டேட்டை எதிர்கொண்டது. ஆட்டம் உள்ளூர் நேரம் நண்பகலில். லாஸ் ஏஞ்சல்ஸ் வீரர்களின் உடலுக்கு அது காலை ஒன்பது மணி. 27-11 என்று தோற்றார்கள். கால்பந்துக்காரர்களுக்கு ஆண்டில் ஐந்தாறு பயணம், தனி விமானம். வாலிபால், சாஃப்ட்பால் பெண்களுக்கு அப்படியா? அவர்களுடைய ஆட்டங்கள் அதிகம், வார நாட்களிலும் உண்டு. திங்கள் காலை வகுப்பும் உண்டு. கால்பந்துக்காகப் போட்ட வரைபடத்தில் அவர்களையும் சேர்த்து நாடு முழுக்க அலைக்கழிப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. கால்பந்தை மட்டும் தனியே பிரித்து, மற்ற விளையாட்டுகளை அந்தந்தப் பகுதியிலேயே விட்டிருக்கலாம்.

அந்த வாய்ப்பு மிக நன்றாகப் பொருந்தியிருக்கக்கூடியது ஸ்டான்ஃபோர்டுக்குத்தான். 36 விளையாட்டுகள், நாட்டிலேயே மிக அதிகமான தேசியப் பட்டங்கள், பெரும் அறக்கட்டளைச் செல்வம் எல்லாம் அதனிடம் இருந்தன. அதுவும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் ஏசிசி கூட்டமைப்பில் சேர்வது 2023 செப்டம்பர் 1 அன்று முடிவானது. முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கில் 30 சதவீதம் மட்டுமே! டல்லஸின் எஸ்எம்யூ அதே ஏசிசியில் இடம்பெற ஒன்பது ஆண்டுகள் ஒளிபரப்புப் பங்கே வேண்டாம் என்றது. பணக்கார ஆதரவாளர்களை நம்பி எடுத்த முடிவு. பெர்க்லிக்கு அந்த வசதியும் இல்லை. அதன் இழப்பை ஈடுகட்ட யுசிஎல்ஏ மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக்குழு முடிவு செய்தது. எல்லாவற்றிலும் மோசமான பேரம் இதுதான்: பணமும் குறைவு, தூரமும் அதிகம்.

யாரும் அழைக்காமல் விடப்பட்டவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். அவை நீதிமன்றம் சென்று கூட்டமைப்பின் கட்டுப்பாட்டைப் பெற்றன. வெளியேறிய பத்துப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 6.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்தன. அதன்பிறகு பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்ஸஸ் ஸ்டேட், கால்பந்து ஆடாத கான்சாகா ஆகியவற்றைச் சேர்த்து, 2026 ஜூலை முதல் புது பேக்-12 என்று ஏற்பாடானது. ஒளிபரப்பில் முதன்மைப் பங்காளி சிபிஎஸ். தொகை பிக் டென் பங்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் கான்சாகா இருக்கும் ஸ்போகேனுக்கு வாஷிங்டன் ஸ்டேட் வாலிபால் அணி பஸ்ஸிலேயே ஒன்றரை மணி நேரத்தில் போய் ஆடிவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாம். ஸ்டான்ஃபோர்ட் அணி பாஸ்டன் கல்லூரியோடு ஆட 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும்.