இடையன்குடி கால்டுவெல் நினைவு இல்லம்: போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்

போன மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்குப் போய்வந்தேன். கால்டுவெல் குடியிருந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கி 2011ல் திறந்தார்கள். வீட்டை நிதானமாகப் பார்த்தாலும் அதிக நேரம் ஆகாது. அதை மட்டும் பார்த்து, வாசலில் சிலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்பேன்.

முதலில் அவர் யார் என்று. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1856, அவ்வளவுதான். மெரினாவில் 1968ல் வைத்த சிலையும் அந்தக் கால்டுவெல்லுக்குத்தான். எங்கள் அத்தைக்கு அவர் 'கால்டுவெல் ஐயர்'. எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்தவ ஊழியத்துக்காக 1838ல் கப்பலில் சென்னை வந்து இறங்கி, 1841ல் அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே, தஞ்சாவூர்ப் பக்கம், நீலகிரி என்று சுற்றிக்கொண்டு இந்தத் தேரிக்காட்டுக்கு, அதாவது செம்மணல் பூமிக்கு, வந்து சேர்ந்தபோது அவருக்கு 27 வயது. 1891 ஜனவரியில் ஓய்வு பெற்றார், அதே வருடம் ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தார், உடலை மலையிலிருந்து இறக்கி இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள். கடைசிச் சில வருடங்கள் தூத்துக்குடியில் இருந்தார் என்றாலும் அவர் ஊர் இதுதான்.

சரி, பார்க்க என்ன இருக்கிறது? தெருக்களைப் பாருங்கள். நிலத்தை வாங்கி, நேர்கோடாகத் தெரு போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டு அவர் அமைத்த ஊர் இது. சுற்றி செம்மணலும் பனையுமாகக் கிடக்கிற இடத்தில் இந்த ஒழுங்கு சட்டென்று கண்ணில் படும். நாங்கள் காலை எட்டரைக்கே நடக்க ஆரம்பித்தோம், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் குடையை மறக்காதீர்கள்.

அப்புறம் கோயில். பரிசுத்த திரித்துவ ஆலயம், 1847ல் ஆரம்பித்து 1880ல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருடம்! முப்பத்துச் சொச்சம் வயதில் தொடங்கிய வேலை முடியும்போது அவருக்கு 66. நடுவில் 1877ல் பஞ்சம் வேறு, அப்போது நிவாரண வேலைக்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறார். கூரான வளைவுகளோடு நிற்கிற அந்தக் கட்டிடத்துக்குள் போய் உட்கார்ந்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, ஒரு மனிதன் அவசரப்படாமல் ஒரே இடத்தில் இருந்தால் என்னவெல்லாம் செய்து முடிக்கலாம் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. அவரை அடக்கம் செய்திருப்பது பலிபீடத்துக்கு அடியில். கோயில்குட்டி (கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்) ஒருவர் எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அத்தை முன்னால் போய் முழங்கால் போட்டவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது, கோயில்குட்டி அவசரப்படுத்தவே இல்லை. அவருக்கு என் நன்றி.

எலைசா அம்மாவைப் பற்றியும் விசாரியுங்கள். நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகள், 1844ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அந்தப் பெண்கள் கையில் காசு புழங்க வைத்தார். அத்தையின் அம்மாவும் லேஸ் பின்னியவர்தான், அந்த லேஸ் துணி ஒன்று இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஐயரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் எல்லாம் இந்த அம்மாவுக்கும் சரிசமமாக இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 1849ல் இந்தப் பகுதியில் பனையேறிப் பிழைத்த மக்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அது அவர்களைத் தாழ்த்திப் பேசியது, அந்த மக்களுக்கு ஆறாத கோபம், சபையை விட்டே பிரிந்து போனவர்களும் உண்டு. பிற்பாடு அந்த நூல் திரும்பப் பெறப்பட்டது. தன்னைத் தாங்கிய மக்களையே அப்படி எழுதியது தப்புதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "தெரியும்லா, எங்க தாத்தா காலத்துலயே அது பேச்சுதான். ஆனாலும் அவரு ஊரை விட்டுப் போகலையே" என்றார். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கல்லறை முன்னால் நிற்க வேண்டும், அதனால் மரியாதை குறைந்துவிடாது.

குறை என்று பார்த்தால் வண்டிதான். நாங்கள் பிடித்த வாடகைக் கார்க்காரர் இடையன்குடியோடு உவரியையும் மணப்பாட்டையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டு, இங்கே நாற்பது நிமிடம்தான் என்றார். பேசி, கூடக் காசு கொடுத்துத்தான் மூன்று மணி நேரம் இருந்தோம். நீங்கள் முன்கூட்டியே நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திசையன்விளை வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள், கொஞ்ச தூரம்தான்.

ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், பாட்டுக் கேட்க வேண்டுமானால் பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம். பருவத்தில் போனால் வழியில் பதநீர் கிடைக்கும், காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.