சந்தேகம் என்றால் 'டவுட்'டா, 'சஸ்பெக்ட்'டா? நான்கு இலவச அகராதிகளும் ஓர் அட்டைச் செயலியும்

கட்டுமானத் தளத்தில் ஒருவருக்கு ஒரு சந்தேகம்: கேபிள் தளர்ந்திருக்குமோ? மேற்பார்வையாளரிடம் போய் 'ஐ டவுட் தி கேபிள் இஸ் லூஸ்' என்கிறார். கேட்பவருக்குப் புரிவது நேர் எதிர்: 'கேபிள் தளர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.' சொல்லியிருக்க வேண்டியது 'ஐ சஸ்பெக்ட்'. ஒற்றைச் சொல்லில் தமிழ்ப் பொருள் தரும் செயலியில் தேடினால் இரண்டுக்கும் 'சந்தேகப்படு' என்றுதான் வரும். செயலியை மட்டும் குறை சொல்வதற்கில்லை, தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான் புழங்குகிறது. 'நம்பு' இன்னும் மோசம். 'ஹோப்', 'பிலீவ்', 'டிரஸ்ட்' மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கிடைக்கும் 'இத்தனை நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்களில் சொல்லும் பொருளும் எதிரெதிரே அச்சாகியிருப்பதன் சிக்கலும் இதுதான். பொருள் தெரிந்துவிடும், சொல்லை எங்கே எப்படிப் போடுவது என்பது தெரியாது. அதனால் இங்கே அகராதிகளை எடைபோட ஒரே படிக்கல்தான்: எடுத்துக்காட்டு வாக்கியம்.

அந்த வகையில் முதலிடம் லாங்மன் அகராதியின் இணையப் பதிப்புக்கு. 1978இல் முதலில் வந்த இந்த அகராதி, ஏறக்குறைய 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாப் பொருளையும் விளக்குகிறது. அந்த 2,000 பிடிபட்டுவிட்டால், ஒரு விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு விளக்கத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. தலைச்சொல்லுக்கு அருகில் எஸ்1, டபிள்யூ2 என்று குறி இருக்கும். எஸ் பேச்சு, டபிள்யூ எழுத்து. 1 என்றால் அதிகம் புழங்கும் முதல் ஆயிரத்தில் ஒன்று. இந்தக் குறி எதுவும் இல்லாத சொல்லை, வேலையில் தேவைப்பட்டாலொழிய, இப்போதைக்கு விட்டுவிடலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஒலியாகவும் கேட்கலாம். 'டிஸ்கஸ் அபவுட்' போன்ற தவறுகளைப் பெருக்கல் குறியிட்டு எச்சரிக்கும் இலக்கணக் குறிப்புகளும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் யோசிப்பவர் வாயில் அந்த 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

குறையும் இருக்கிறது. பக்கத்தின் கீழே 'எக்ஸாம்பிள்ஸ் ஃப்ரம் தி கார்ப்பஸ்' என்ற பெட்டியில் வருபவை பெரிய உரைத் தொகுப்பிலிருந்து தானியங்கியாக எடுக்கப்பட்ட வாக்கியங்கள். முன்பின் தொடர்பு இருக்காது, கடினமாகவும் இருக்கும். படிக்க எடுக்க வேண்டியவை விளக்கத்தை ஒட்டியே வரும் வாக்கியங்கள்தான். விளம்பரத் தொல்லையும் உண்டு.

முதலில் கண்ணில் படும் பொருளோடு நிறுத்திவிடுவது எந்த அகராதியிலும் நடக்கும் தவறு. 'ஹோர்டிங்' என்றால் பதுக்கல் என்று மனப்பாடம் செய்தவர், சிங்கப்பூர்க் கட்டுமானத் தளத்தில் 'செக் தி ஹோர்டிங்' என்று கேட்டால் திகைத்துப்போவார். இங்கே அது தளத்தைச் சுற்றி அடைத்திருக்கும் தற்காலிகத் தடுப்பு. பிரிட்டிஷ் வழக்கு என்ற குறிப்போடு லாங்மன், ஆக்ஸ்ஃபர்ட் இரண்டிலும் அது இருக்கிறது. அமெரிக்க அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் சமாளிப்பது சிரமம்.

ஆக்ஸ்ஃபர்டின் மாணவர் அகராதி 1948 முதல் வருகிறது. அதன் பலம் வாக்கிய அச்சு. 'எக்ஸ்ப்ளெய்ன்' என்று தேடினால் 'எக்ஸ்ப்ளெய்ன் சம்திங் டு சம்படி' என்று அச்சைத் தடித்த எழுத்தில் காட்டிவிட்டு எடுத்துக்காட்டைத் தருகிறது. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஆக்கும் நம் பழக்கத்துக்கு இதுவே மருந்து. பெயர்ச்சொல்லுக்கு அருகில் 'அன்கவுன்டபிள்' என்று இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'அட்வைசஸ்' எல்லாம் அந்த ஒரு சொல்லைக் கவனிக்காததால் வருபவை. ஆக்ஸ்ஃபர்ட் 3000, 5000 பட்டியல்களில் உள்ள சொற்களுக்கு ஏ1 (தொடக்கம்) முதல் சி1 (உயர்நிலை) வரை நிலை போட்டிருப்பதால், எதை முதலில் படிப்பது என்ற குழப்பமும் இல்லை.

கோலின்ஸ் கோபில்ட் 1987இல் வந்தது. இலக்கணக் குறிகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு ஏற்றது. பொருளையே முழு வாக்கியமாகச் சொல்லிவிடும்: 'நீங்கள் ஒன்றை இப்படிச் செய்தால்...' என்ற பாணி. கேம்பிரிட்ஜில் ஆங்கிலம்-தமிழ்ப் பகுதியும் இருக்கிறது. அதைக் கடைசியில் திறப்பது நல்லது. ஆங்கில விளக்கத்தைப் படித்து, நாமே ஒரு தமிழ்ச் சொல்லை ஊகித்தபின் சரிபார்க்க மட்டும்.

படித்தது மறுவாரம் நினைவில் நிற்க அன்கி செயலி. நாம் எழுதிவைக்கும் கேள்வி-விடை அட்டைகளை நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒரு தடவை காசு கட்ட வேண்டும். அது வேண்டாம் என்றால் உலாவியில் அன்கிவெப் போதும். அதே பெயரை ஒட்டவைத்துச் சந்தா கேட்கும் போலிகள் இருக்கின்றன, பார்த்து இறக்குங்கள். அட்டைகளைக் கைபேசியில் ஏற்றிவிட்டால் எம்ஆர்டி ரயிலில் இணையம் இல்லாமலே ஓடும்.

அட்டை செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பக்கத்தில் ஒற்றைச் சொல்லும் பின்பக்கத்தில் தமிழ்ப் பொருளும் போட்டால் பழைய புத்தகத்துக்கே திரும்பிவிட்டோம். 'க்ளோஸ்' (கோடிட்ட இடத்தை நிரப்பும்) அட்டை வகையைத் தேர்ந்தெடுத்து, வாக்கியத்தில் ஓர் இடத்தை மட்டும் மறையுங்கள். 'தி பேஸ்மென்ட் இஸ் ப்ரோன் டு ஃப்ளடிங்' என்றால் 'ப்ரோன் டு' இரண்டையும் சேர்த்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 'டு' மறந்துபோகும். துணைக்குறிப்பு எழுதும்போது சொல்லுக்கான தமிழைப் போடாமல் முழு வாக்கியத்தின் தமிழைப் போடுங்கள்: 'இந்த அடித்தளத்தில் அடிக்கடி தண்ணீர் புகுந்துவிடும்.' அகராதி வாக்கியத்தின் வினையையும் 'டு' போன்ற ஒட்டுச் சொல்லையும் அப்படியே வைத்து, பெயர்ச்சொற்களை மட்டும் உங்கள் வேலையிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அட்டையில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டாம். 'பெட்' என்று எழுதினால் படுக்கை, பந்தயம், வளர்ப்புப் பிராணி மூன்றும் ஒன்றாகிவிடும்.

அமைப்பில் நாளுக்கு 20 புதிய அட்டை என்று இருப்பதை முதல் நாளே 5 அல்லது 7 ஆகக் குறையுங்கள். பழைய அட்டைகள் திரும்பத் திரும்ப வருவதால், 20 என்று விட்டால் சில வாரங்களில் நாளுக்கு 150, 200 அட்டை என்று மலைபோல் குவியும். பலர் செயலியை நீக்குவது அந்தக் கட்டத்தில்தான். விடையைப் பார்த்தபின் அழுத்தும் 'ஹார்ட்' பொத்தான் இன்னொரு பொறி. சிரமப்பட்டாவது சரியாகச் சொன்னால்தான் 'ஹார்ட்'. மறந்துவிட்டது என்றால் கூச்சப்படாமல் 'அகெய்ன்' அழுத்துங்கள். மறந்ததற்கெல்லாம் 'ஹார்ட்' அழுத்தினால், தெரியாத சொல்லைத் தெரிந்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டு அட்டையைத் தள்ளிப்போட்டுவிடும்.

கற்று முடித்த ஓர் அட்டையை 8 தடவை தவறவிட்டால், அன்கி அதற்கு 'லீச்', அதாவது அட்டை, என்று பெயரிடும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். (இரத்தம் உறிஞ்சும் அட்டையும் செயலியின் அட்டையும் தமிழில் ஒரே சொல்லாய் அமைந்தது பொருத்தம்தான்.) அதை மறுபடி முடுக்கிவிட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அது வேறொரு சொல்லோடு குழம்பிக் கிடக்கும். அழித்துவிட்டு, இரண்டு சொற்களையும் ஒரே சூழலில் வைத்து இரண்டு அட்டைகளாகப் புதிதாக எழுதுங்கள். ஒன்றில் 'கேபிள் தளர்ந்திருக்கும் போலிருக்கிறது', மற்றதில் 'கேபிள் தளர்ந்திருக்க வாய்ப்பில்லை'.