கை நன்றாகப் பார்க்கிறது, பல்லை விட்டுவிடுகிறது: காரைக்குடியில் ஒரு புற்றுநோய் ஃபாலோ-அப் பிரிவு

வாய், தொண்டைப் புற்றுக்கு மதுரையிலோ சென்னையிலோ ஆபரேஷனும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) முடித்து வந்தவர்கள், செக்கப்புக்கு அவ்வளவு தூரம் போய்வரச் சலித்துப்போய் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள் திரும்பும். நிறுத்துவதும் சரியாக அப்போதுதான். காரைக்குடித் தனியார் மருத்துவமனை ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்தப் பிரிவு தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம்.

பரிசோதனைதான் இங்கே விசேஷம். டார்ச் அடித்து 'ஆ' சொல்லச் சொல்லி அனுப்பும் கதை இல்லை. பல்செட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். நாக்கு நுனியைக் காஸ் துணியால் பிடித்து இரு பக்கமும் இழுத்து, ஓரத்தையும் கடைவாய்ப்பல்லுக்குப் பின்மூலையையும் பார்க்கிறார்கள். பிறகு உறை போட்ட விரல் வாய்க்குள், மற்றக் கை தாடைக்கு அடியில். நடுவில் அகப்படும் சதையை அமுக்கிப் பார்க்கிறார்கள். கடைசியில் விரல் அடிநாக்கு வரை போகும். குமட்டும். பல இடங்களில் இதைத் தவிர்ப்பது அதனால்தான்; ஆனால் அங்கே வளரும் கட்டி கண்ணுக்குப் படுமுன் விரலுக்குத்தான் தட்டுப்படும். மார்புச் சதை வைத்துத் தைத்த வாயென்றால் தையல் ஓரத்தைத்தான் அதிகம் தடவுகிறார்கள். சரிதான், நோய் தலைகாட்டுவது அந்த ஓரத்தில். கரண்ட் வைத்த கழுத்து பலகை மாதிரி இறுகிக் கிடக்கும், உள்ளே நெறிக்கட்டி இருந்தாலும் பிடிபடாது. சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட், அதோடு ஊசி வைத்து உறிஞ்சிச் சோதனை.

வாய்த்திறப்பை ஸ்கேலால் அளந்து நோட்டில் மி.மீ. கணக்கில் எழுதுகிறார்கள். 35-க்குக் கீழே என்றால் பயிற்சி. போன தடவை 32, இந்தத் தடவை 25 என்றால் பயிற்சி செய்யாததுதான் காரணம் என்று விட்டுவிட முடியாது. தாடைத் தசைக்குள் நோய் திரும்பியிருக்கலாம். காதுவலி என்றாலும் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பாமல் தொண்டையைப் பார்க்கிறார்கள். தொண்டைக்கும் காதுக்கும் நரம்பு ஒன்றுதான்.

குறை ஸ்கேனில் தொடங்குகிறது. கரண்ட் முடிந்த 8-வது வாரத்திலேயே பெட் சி.டி.க்கு (நோய் உள்ள இடத்தை மின்னவைத்துக் காட்டும் ஸ்கேன்) எழுதுகிறார்கள். அப்போது வெந்த சதையும் மின்னும், நோயும் மின்னும். வீண் பயமும் வேண்டாத பயாப்சியும்தான் மிச்சம். 12 வாரம் பொறுக்க வேண்டும். கீமோவும் கரண்டும் முடித்தவர்களை 12-வது வாரப் பெட் சி.டி. வைத்துக் கண்காணித்தாலே போதும், எல்லோருக்கும் கழுத்து ஆபரேஷன் வேண்டாம் என்று பிரிட்டனில் 564 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் காட்டியது. அந்த ஸ்கேன் சுத்தமாக வந்து, தொந்தரவும் இல்லாதவருக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை பெட் எடுப்பது காசைக் கரியாக்குவது.

தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையைக் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய 4-ல் ஒருவருக்குத் தைராய்டு குறையும். 6 முதல் 12 மாதத்துக்கொரு முறை கட்டாயம். பல் டாக்டரே இல்லை. இது பெரிய ஓட்டை. கரண்ட் பட்ட தாடையில் ஆடுகிற பல்லைத் தெருமுனைக் கிளினிக்கில் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பு செத்து வெளியே தெரியும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதென்று வீடே கலங்கும்.

சுவரில் புகையிலைக்கு எதிராகப் படம் இருக்கிறது, பாக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டு சுற்றிவரும் இந்த ஊரில் அதுதான் முதலில் வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்று வரவழைக்கும்.

முதல் வருஷம் 1 முதல் 3 மாதத்துக்கொரு தடவை, இரண்டாம் வருஷம் 2 முதல் 6, பிறகு 5-ம் வருஷம் வரை 4 முதல் 8, அதற்கப்புறம் வருஷம் ஒரு தடவை என்று வரச்சொல்கிறார்கள், கணக்கு சரி. ஆனால் ஆறாத புண், விழுங்கச் சிரமம், கழுத்தில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி எதுவானாலும் தேதி பார்க்காமல் போய்விடுங்கள். டோக்கன் இல்லாமலே பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், எந்தப் பக்கம் எத்தனை கிரே (கரண்டின் அளவு) வைத்தார்கள் என்ற தாள், பழைய ஸ்கேன் பதிந்த சி.டி. தட்டு (ஃபிலிம் மட்டும் போதாது) நான்கும் கையில் இருக்கட்டும். மூக்கு வழியாக ஸ்கோப் (கேமராக் குழாய்) விட்டால், அதற்காக மருந்து போட்டு மரத்த தொண்டை தெளிய ஒரு மணி நேரம் ஆகும். வாசல் கடைக் காபி அதுவரை வேண்டாம், புரையேறும்.