ரிச்சி தெரு ஆம்ப் சர்வீஸ்: மூன்று முறை எரிந்த வலது சேனல்

பெயர்ப்பலகை கூட இல்லாத கடை. சென்னையில் நரசிங்கபுரம் தெருப் பக்கமிருந்து ரிச்சி தெருவுக்குள் போனால், குறுகலான படியேறி முதல் மாடி. ஆம்ப்ளிஃபையர் பழுது என்றால் இனி எனக்கு இங்கேதான்.

என்னுடையது அப்பா வாங்கிய அசெம்பிள் செட், சேனலுக்கு ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டிரான்சிஸ்டர்கள் ஒரு ஜோடி, 5200-உம் 1943-உம். வலது சேனல் ஃபியூஸ் போனது, எங்கள் ஏரியா கடையில் டிரான்சிஸ்டர் ஜோடியை மாற்றினார்கள், இரண்டு வாரம் பாடியது, திரும்பவும் போனது, மறுபடி அதே ஜோடி, மறுபடி காசு, பத்தாவது நாள் ஃபியூஸோடு புகையும் வந்தது. ஏன் எரிகிறது என்று கேட்டதற்கு “ஓல்டேஜ் பிரச்சினை சார்” என்றார்கள். அப்படியென்றால் இடது சேனல் மட்டும் எப்படித் தப்பித்தது?

ரிச்சி தெரு அண்ணன் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. செட்டுக்குக் கரண்ட் வரும் வழியில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்தார். பல்பு முழுசாக எரிந்தது, அதாவது உள்ளே ஷார்ட். வலது பக்க ஜோடியைக் கழற்றிவிட்டுப் போட்டதும் ஒரு கணம் மின்னி மங்கிவிட்டது. “சப்ளை நல்லா இருக்கு தம்பி, கெபாசிட்டரைத் தொட வேண்டாம்” என்றார். அந்தப் பெரிய கெபாசிட்டர்களையும் மாற்றச் சொல்லி ஒரு தொகை வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

அப்புறம் போர்டைத் திருப்பிக் காட்டினார். பயஸ் டிரான்சிஸ்டர், அதாவது பவர் ஜோடி சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் அந்தச் சின்ன பிடி139, சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் தகட்டில் திருகப்படாமல் அந்தரத்தில் நின்றது. முதல் ரிப்பேரில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. டிரான்சிஸ்டர் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அதைத் திறக்கத் தேவையான வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அந்தச் சூட்டை பிடி139-உம் உணர்ந்தால்தான் பயஸைக் குறைக்கும். உணராவிட்டால் கரண்ட் ஏறும், அதனால் சூடு ஏறும், அதனால் இன்னும் கரண்ட் ஏறும், கடைசியில் ஜோடி காலி. முதல் ரிப்பேருக்குப் பிறகு இரண்டு முறையும் எனக்கு நடந்தது இதுதான். போதாக்குறைக்கு எரிந்த 5200-ஐப் பிளையரால் உடைத்துக் காட்டினார், உள்ளே இருந்த சிப் கடுகு மாதிரி இருந்தது. டூப்ளிகேட்.

புது ஜோடி, அடியில் வைக்கும் புது மைக்கா தகடு, சூடு கடத்தும் பேஸ்ட் எல்லாம் போட்டு, பிடி139-ஐ அதன் இடத்தில் முறுக்கி, 0.22 ஓம் ரெசிஸ்டரில் 11 மில்லிவோல்ட் வரும்படி பயஸை அட்ஜஸ்ட் செய்யும் ப்ரீசெட்டைத் திருப்பினார், அதாவது சும்மா இருக்கும்போது 50 மில்லிஆம்பியர். ஸ்பீக்கரைக் கெடுக்கும் டிசி, ஸ்பீக்கர் முனையில் 14 மில்லிவோல்ட்தான். அதற்குப் பிறகும் ஸ்பீக்கரை மாட்ட விடவில்லை, ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் 8 ஓம் டம்மி லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நடுநடுவே மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மொத்தம் 1,650 ரூபாய். குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார், நாளைக்கு என்று சொன்னது நாலு நாள் ஆனது, பில்லும் கிடையாது. வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும், அதனால் மெட்ரோவில் போங்கள். டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்த செட்டைத் தூக்கிக்கொண்டு படியேற இன்னொரு ஆள் வேண்டும்.

மூன்று மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் ராஜா ஓடுகிறார். அணைக்கும் முன் இரண்டு ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் ஒரே வெதுவெதுப்பு.