கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி: செயின் காபி ஷாப்பும் சின்ன கஃபேயும்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் வாட்ஸ்அப்பில் கேட்டாள். "அக்கா, மத்தியானம் டாக்டர்களைப் பார்த்து முடிச்சதும் எங்க உட்காருவீங்க? பெரிய செயின் காபி ஷாப்பா, சின்ன கஃபேயா? எது நல்லாருக்கும்?" ஒரு வரியில் பதில் போட்டேன். போட்ட பிறகு, இவ்வளவுதான் சொன்னோமா என்று மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மெடிக்கல் ரெப். மருந்து கம்பெனிக்காக டாக்டர்களைப் போய்ப் பார்த்து மருந்தைப் பற்றிச் சொல்லும் வேலை. வீடு சென்னை கொளத்தூர். ஏரியா அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர். டாக்டர்கள் எங்களைப் பார்ப்பது காலை ஓபி முடிந்து ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள். அதை விட்டால் ராத்திரி ஏழுக்கு மேல், சிலர் ஒன்பதுக்கு மேல். நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறது. ஆண் ரெப்கள் டீக்கடை வாசலில் வண்டி மேலேயே உட்கார்ந்து டிசிஆர், அதாவது அன்றைக்குப் பார்த்த டாக்டர்களைப் பற்றிய ரிப்போர்ட், போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அது முடியாது. கொளத்தூர் போய்த் திரும்புவதிலேயே பாதி நேரம் போய்விடும், பெட்ரோல் செலவு வேறு.

வேலைக்கு வந்தது 2014-ல். அந்த வருடம்தான் வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலில் ஸ்டார்பக்ஸ் திறந்தது. மற்றபடி அன்றைக்கு காபி ஷாப் என்றால் கஃபே காபி டேதான். பெங்களூரு பிரிகேட் ரோட்டில் 1996-ல் ஒரே கடையாகத் தொடங்கி நம் ஊர் பெரிய ரோடுகளுக்கெல்லாம் வந்திருந்தது. என் முதல் டிசிஆரை அங்கே உட்கார்ந்துதான் போட்டேன். 2019-க்குப் பிறகு அதில் நிறைய கிளைகள் மூடிவிட்டார்கள். நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது மொபைல் கடை.

காபியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன கஃபேதான். நான் போகும் கஃபே அடையாறில் ஒரு பழைய வீட்டின் முன்பக்கம், ஆறு மேசை. நடத்தும் அண்ணன் ஏற்காட்டுக் கொட்டை வாங்கி அங்கேயே அரைக்கிறார். பீபெர்ரி, பிளான்டேஷன் ஏ என்று இரண்டு வகைக் கொட்டையைக் கலந்து, சிக்கரி நூற்றுக்கு 20. இதை நான் கேட்காமலே சொன்னார். காபி, சிக்கரி கலவை என்று விற்கும் பொடியில் காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டப்படி போதும், பாக்கி 49-ம் சிக்கரியாக இருக்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அன்றையிலிருந்து வீட்டுக்கு வாங்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை.

மூன்றரை மணிக்கு சாயங்காலத்துக்கான ஃபில்டரைப் போடுவார். பொடியை லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றி ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். இருபது நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பல கிளைகள் வைத்திருக்கும் செயின் கடைகளின் மெஷினில் அதிக அழுத்தத்தில் எஸ்பிரெசோ அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதைத் தப்பு சொல்ல மாட்டேன், அது வேறு காபி. என் வருத்தம் சூடுதான். நம் காபி டபராவில் ஆற்றிக் குடிப்பது. ஆற்றுவதற்காவது சூடு இருக்க வேண்டாமா? செயின் கடையில் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் போனால் நுரை உடைந்துவிடும், பாலின் இனிப்பு போய்விடும் என்று அங்கே காபி போடும் ஒரு தம்பி பொறுமையாக விளக்கினான். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் "தம்பி, நல்லா சூடா" என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பாக வாங்கிக் குடித்து எனக்கு அலுத்துவிட்டது.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முடிந்து நான் ஏரியாவுக்குப் போன அன்று அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. செயின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அண்ணன் கேஸ் அடுப்பில் பால் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. பாட்டிலில் பால் எடுத்துக்கொண்டு மேல்மாடிப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனுஷரைப் பற்றி ஒரு குறை எழுதவும் எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஏனென்றால், வாரத்தில் மூன்று நாள் நான் போவது செயின் கடைக்கு. காரணம் பாத்ரூம்.

2017 கத்திரி வெயிலில் எனக்கு யூரின் இன்ஃபெக்ஷன் வந்தது. காய்ச்சல், குளிர், இடுப்பு வலி. வெளியில் போக இடம் இருக்காது என்று காலையில் ஒரு காபியோடு கிளம்பி, ராத்திரி வரை தண்ணீரே குடிக்காமல் மூன்று வருடம் ஓட்டியிருந்தேன். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, கிருமி சீக்கிரம் சிறுநீர்ப் பைக்குப் போய்விடும், தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் வராமல் என்ன செய்யும் என்று டாக்டர் திட்டினார். வாரா வாரம் நான் போய் நிற்கும் அதே டாக்டர். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி அந்த மாதம் நானே அவரிடம் விளக்கிச் சொல்லியிருந்தேன். வெளியே வந்து மெடிக்கல் ஷாப்பில் அழுதேன். எங்கள் டீமில் அப்போது இருந்த மற்ற இரண்டு பெண்களிடம் சொன்னபோது, அவர்களுக்கும் வந்து போயிருந்தது தெரிந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்கில் டாய்லெட் இலவசமாக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. இருக்கிறது, பூட்டியிருக்கும். சாவி காற்று அடிக்கிற பையனிடம் இருக்கும். வண்டியோடு நிற்கும் பத்து பேர் முன்னால் அவனிடம் போய்க் கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டேன், இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் செயின் கடையின் பாத்ரூம் எனக்குப் பெரிய விஷயமானது. தாழ்ப்பாள் சரியாக விழும். தண்ணீர் வரும். மூடி போட்ட குப்பைத் தொட்டி இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் கொக்கி இருக்கும். அந்தக் கொக்கியைப் பற்றி ஆண்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியவில்லை. என் பையில் டேப்லெட் கம்ப்யூட்டர், மருந்து சாம்பிள், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஆறு கிலோ இருக்கும். கொக்கி இல்லாத இடத்தில் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பீரியட்ஸ் நாளில் இதை யோசித்துப் பாருங்கள். கொக்கி இருந்தால் பையை மாட்டிவிட்டு ஒரு நிமிடம் நிம்மதியாக மூச்சு விடலாம்.

இன்னொன்று, அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஊழியர்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை மாறிவிடுகிறார்கள். நான் எத்தனை தடவை எழுந்து போனேன் என்று யாரும் கவனிப்பதில்லை. அண்ணன் கடையில் பாத்ரூமுக்கு சமையலறை வழியாகப் போக வேண்டும். மாஸ்டர், பாத்திரம் கழுவும் பையன், டெலிவரிக்கு நிற்கும் ஆள், எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்கள், மரியாதையாகத்தான். தெரிந்த முகங்களுக்கு நடுவில் அப்படி நடந்து போவது தெரியாத இடத்தில் போவதை விடக் கஷ்டம். உள்ளே தரை எப்போதும் ஈரம். தாழ்ப்பாள் பாதிதான் நுழையும்.

2022-ல் துணிந்து அண்ணனிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "வாடகை வீடும்மா. இடிச்சுக் கட்ட ஓனர் விட மாட்டார்" என்றார். நியாயம்தான். அடுத்த மாதம் போனபோது கதவில் புதிதாக ஒரு கொக்கி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒட்டுகிற பிளாஸ்டிக் கொக்கி அது. பையை மாட்டியதும் பிய்த்துக்கொண்டு ஈரத் தரையில் விழுந்தது, சாம்பிள் எல்லாம் நனைந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. காபிக்கு இருபது நிமிடம் காத்திருக்கத் தெரிந்த மனுஷருக்கு ஒரு கொக்கியைச் சரியாக மாட்டத் தெரியாதா என்று வண்டி ஓட்டிக்கொண்டே திட்டினேன். இப்போது அப்படித் திட்ட மாட்டேன். பிவிசி கதவில் ஸ்க்ரூ நிற்காது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

செயின் கடை தர்மத்துக்கு நடத்துகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். வரியோடு ஒரு கேப்புச்சினோ 260 ரூபாய். மாதம் 12 தடவை என்றால் 3,120. என் அலவன்ஸில் இது பெரிய தொகை. இந்த வருடம் நான் போகும் ஒரு கிளையில் பாத்ரூமுக்கு நம்பர் பூட்டு போட்டுவிட்டார்கள். நம்பர் பில்லில் அச்சாகி வரும், வாங்கிய பிறகுதான் போக முடியும். அவசரத்தில் வரிசையில் நிற்கும்போது கண்ணீரே வந்துவிடும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே அந்தத் தம்பிகள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அதற்காக, சின்ன கஃபே எல்லாம் அண்ணன் கடை மாதிரி என்றும் நம்ப வேண்டாம். மரம், ஊஞ்சல், மண் கப் என்று வைத்திருக்கும் ஒரு கஃபேயில் பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாகிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அந்த உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது. எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். ஆனால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய ஒரு வரி இதுதான்: "செயின் கடைக்குப் போ." இவ்வளவு எழுதிய பிறகும் அதை மாற்ற மாட்டேன். "காபி நல்லாருக்குமாக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். "இருக்காது. தண்ணி நல்லா குடி" என்று போட்டேன்.

வரும் வியாழக்கிழமை அவளை அண்ணன் கடைக்கும் கூட்டிப் போகிறேன். ஹார்டுவேர் கடையில் ஸ்டீல் கொக்கி ஒன்றும் தாழ்ப்பாள் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். பிவிசி கதவு என்றதும் கடைக்காரர் ஸ்க்ரூவை எடுத்து வைத்துவிட்டு, கதவைத் துளைத்து அந்தப் பக்கம் வாஷர் வைத்து நட்டு போடச் சொன்னார். அதையும் நாலு வாங்கிவிட்டேன்.