எம்.எஸ். மருந்தும் மெடிக்ளைமும்: ஏற்றினால் பணம், விழுங்கினால் இல்லை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஏஜெண்டுகள் விற்கும் மெடிக்ளைம் பாலிசிகள் பெரும்பாலும் மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) விஷயத்தில் ஒரே மாதிரிதான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்துக்குப் பணம் வரும். வீட்டில் விழுங்கும் மாத்திரைக்கு வராது. ஆயுசுக்கும் மருந்து கேட்கும் நோய்க்கு இது சின்னக் குறை அல்ல.

நோய் திடீரென்று கூடும்போது மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் ஏற்றுவார்கள். படுத்து எடுத்துக்கொண்டால் இந்தக் கிளெய்மில் சிக்கல் குறைவு. எம்ஆர்ஐ எடுக்க மட்டும் படுத்தால், பரிசோதனைக்கான அட்மிஷன் என்று தள்ளிவிடுவார்கள்.

நோய் திரும்பத் தாக்காமல் இருக்க ஏற்றும் ஓக்ரிலிசுமாப், முதலில் 2 வார இடைவெளியில் 300 மி.கி. இரண்டு தடவை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 600 மி.கி. இது மோனோக்ளோனல் ஆன்டிபாடி வகை (ஆய்வகத்தில் செய்த எதிர்ப்புப் புரதம்). அந்த வகை ஊசியைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்பது இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் போட்ட விதி. ஆனால் சப்-லிமிட், அதாவது அந்தச் சிகிச்சைக்கு மட்டும் தனி உச்சவரம்பு, வைக்கலாம். வைக்காத கம்பெனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 5 லட்சம் பாலிசியிலும் 'நவீன சிகிச்சை' பட்டியலில் போட்டிருக்கும் தொகைதான் கைக்கு வரும். ஏஜெண்ட் நீட்டும் நோட்டீஸில் அந்தப் பக்கம் இருக்காது. பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ரிட்டுக்சிமாப் விலை குறைவு, நரம்பு டாக்டர்கள் எழுதுவதும் உண்டு. ஆனால் இது எம்.எஸ்.ஸுக்கென்று அனுமதி பெற்ற மருந்து அல்ல என்பதால் 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்று கிளெய்ம் நின்றுபோகலாம். விலை கூடியதற்குக் கொடுத்துவிட்டுக் குறைந்ததை மறுப்பது என்ன கணக்கோ! ஏன் இந்த மருந்து என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, ஊசிக்கு முன்பே அனுமதிக்கு அனுப்புங்கள்.

டைமெத்தில் ஃபியூமரேட், ஃபிங்கோலிமோட், டெரிஃப்ளுனோமைட் எல்லாம் மாத்திரைக் கணக்கு, ஓ.பி. செலவு. ஒரே வழி, அட்மிஷனுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் மருந்துச் செலவு. அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரையின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்தால் கைக்காசுதான்.

கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி மொத்தமாகப் பணம் தரும், அதை மாத்திரைக்கும் செலவழிக்கலாம். ஆனால் எம்ஆர்ஐ ஆதாரத்தோடு கை கால் பலவீனமோ உணர்ச்சிக் குறைவோ தொடர்ந்து 6 மாதம் இருக்க வேண்டும். தாக்கி, முழுசாகத் தெளிந்துவிடுகிறவர்களுக்குப் பயன் குறைவு.

ஊசி திருவனந்தபுரத்தில் என்றால் அங்குள்ள ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கேஷ்லெஸ் கிடைப்பது கடினம், அசல் பில்லை வைத்துத்தான் திரும்பக் கேட்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது.